ருக்மணியைப் பார்த்து வயிறெரிந்த கதை

“நீ சொல்லு அம்மணி. அந்தக் கல்லு நல்ல கல்லா, மோசமான கல்லா?”

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி வீட்டுக் கூடம். நூல் வியாபாரம் செய்த ஒரு பெரியவரின் வீடு. கூடத்தில் பதினொரு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் பழனிச்சாமி அதில் ஒருவர். சமையலறை வாசலில் நாங்கள் நாலைந்து பெண்கள் நின்றிருந்தோம். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பிய என்னை நிறுத்தித்தான் பெரியவர் அப்படிக் கேட்டார்.

பதினொரு தலையும் என் பக்கம் திரும்பியது. ஒருவர் வாயில் போட்ட ஓமப்பொடியை மெல்லாமல் நிறுத்திக்கொண்டார். அந்த நொறுக்குச் சத்தம் நின்றது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

தொழில் விஷயமாக ஒரு சபையில் என்னைப் பார்த்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அதற்காகப் பத்துப் பதினைந்து வருஷம் காத்திருந்தவள் நான். என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதத்தான் இத்தனை வாரமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் இந்தத் தொடரில் கிரைண்டர் பெட்டிக்கு வர்ணம் தேர்ந்தெடுத்த கதையை நீட்டி முழக்கி எழுதியதே இதைத் தள்ளிப்போடத்தான். அதைக் கண்டுபிடித்து ஒரு வாசகி கடிதம் போட்டுவிட்டார்.

சரி, எழுதிவிடுகிறேன்.

மாட்டுக்கொட்டகையில் ஒரு பட்டறை

எங்கள் கிரைண்டர் பட்டறை சரவணம்பட்டி ரோட்டில் இருந்தது. இன்று அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கின்றன. அன்று சோளக்காடும், ஆளில்லாத பஸ் நிறுத்தமும்தான். மாட்டுக்கொட்டகையைத் தடுத்து ஆரம்பித்த பட்டறை அது. மாடுகளுக்குக் கோபம் இருந்திருக்கும். எங்களிடம் சொல்லவில்லை.

என் கணவருக்கு மோட்டார் தெரியும், பெல்ட் தெரியும், வெல்டிங் தெரியும். மாவு தெரியாது. ஊறிய உளுந்தை அரைத்து எடுத்து, விரலில் வழித்துப் பார்த்து, “இது பொங்கும், இது பொங்காது” என்று சொல்வது என் வேலை. புது கிரைண்டர் எதுவும் என் கையில் மாவு ஆட்டாமல் வெளியே போனதில்லை. கல்லைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

வாங்க வந்தவர்கள் கேட்டால் அவர் சொல்வார்: “ஊட்ல சொல்லிப்போட்டாங்க, கல்லு நல்ல கல்லுங்க.”

அந்த ‘ஊட்ல’ என்பதுதான் என் பதவி. எனக்கு அதற்கு மேல் பேர் கிடையாது.

டிரம்முக்கு அடியில் மாவு கசிந்து பெல்ட்டில் ஒட்டுவது எல்லாப் பட்டறைக்கும் பெரிய தலைவலியாக இருந்தது. ஒருநாள் பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி நான் உள்ளே பொருத்திப் பார்த்தேன். கசிவு நின்றது. அவர் அதை ரப்பர் கடைக்குக் கொண்டுபோய் ஒழுங்காக அச்சில் வார்த்து வாங்கி வந்தார். ஆறே மாதத்தில் ஊர் முழுக்க அந்த வளையம். அதற்கு ‘பழனிச்சாமி ரிங்’ என்று பேர்.

நல்ல மனுஷர்தான். வீட்டுக்கு வந்து, “உன்ற மூளை மூளைதான் வசந்தா” என்பார். வெளியில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு நாள் நாற்காலி

ஒரு தடவை அவருக்கு வயிற்றுப்புண் முற்றி ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்துவிட்டார். காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு நான் பட்டறைக்குப் போவேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுத்தேன். திருச்சூர் வியாபாரி ஒருவரிடம் மலையாளமும் தமிழுமாகப் பேசி ஒரு ஆர்டர் பிடித்தேன். மோட்டார் கொண்டுவந்தவனிடம் சத்தம் போட்டு, கீறல் விழுந்ததை எல்லாம் திருப்பி அனுப்பினேன். அந்த நாலு நாளும் எனக்குப் பசியே எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர் வந்துவிட்டார். நான் எழுந்துகொண்டேன்.

அவர் குணமானதில் எனக்குச் சந்தோஷம்தான். மாரியம்மனுக்கு வேண்டியிருந்ததையும் செய்தேன். ஆனால் இன்னும் ஒரு வாரம் கழித்துக் குணமாகியிருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. வராமல் இருந்திருந்தால் நான் நல்லவள்.

பன்னீர்ச் செம்பு

இனி ருக்மணி.

எங்களுக்கு நாலு சந்து தள்ளி தங்கவேல் என்பவர் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தார். அவர் மனைவி ருக்மணி. கோபிசெட்டிபாளையத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். தங்கவேல் அவினாசி ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டார். ஒரே பெண் குழந்தை. காரியம் முடிந்ததும் தங்கவேலின் தம்பி நடராஜ் பட்டறையை எடுத்துக்கொள்வான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பதினாறாம் நாள் கழித்து ருக்மணியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நானும் பாவம் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் வரைக்கும்.

அப்புறம் தொழிற்சங்க ஆண்டுவிழா வந்தது. கிரைண்டர், மோட்டார் செய்கிறவர்கள் எல்லாம் கூடுகிற விழா. கல்யாண மண்டப வாசலில் வரவேற்புக்கு உறுப்பினர்களின் மனைவிமார் நிற்பது வழக்கம். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. நான் பன்னீர்ச் செம்பு. பக்கத்தில் ஒருத்தி சந்தனக் கிண்ணம், இன்னொருத்தி கற்கண்டுத் தட்டு. வருகிற ஆண்கள் மேலெல்லாம் பன்னீர் தெளித்துத் தெளித்து எனக்கு மணிக்கட்டு வலித்தது.

ருக்மணி வந்தாள். சாயம் மங்கின நூல் புடவை, கையில் ஒரு ஃபைல். புருஷன் இல்லாதவள் என்பதால் அவளை யாரும் வாசலில் நிற்கக் கூப்பிடவில்லை. சந்தனம் நீட்டுவதா வேண்டாமா என்று பக்கத்தில் இருந்தவள் தடுமாறினாள். ருக்மணி சிரித்துவிட்டு நேரே உள்ளே போனாள். வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் வரிசையில், முதலாளிமார் நடுவில் உட்கார்ந்தாள்.

அந்தப் புத்தகத்தில் போன வருஷமும் நான் கையெழுத்துப் போட்டதில்லை, இந்த வருஷமும் இல்லை. சுமங்கலிக்குச் செம்பு, விதவைக்கு நாற்காலி. எனக்கு வயிறு எரிந்தது. தாலி அறுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்தக் கொங்கு மண்ணிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கு ‘பழனிச்சாமி ரிங்’கிற்காக என் கணவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் மேடையில் தன் அப்பாவுக்கு நன்றி சொன்னார். மாமனார் உயிரோடு இருந்தவரை அம்மியில் அரைத்த சட்னிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்.

‘மேடம்’

அதற்குப் பிறகு ருக்மணி எது செய்தாலும் என் கண்ணில் பட்டது.

மொபெட் வாங்கினாள். பட்டறை வாசலில் அதை நிறுத்திச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு போவாள். பேர் போட்டு கார்டு அடித்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். அதைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பாண்டிச்சேரி, நெல்லூர் என்று வியாபாரிகள் வந்து அவளை ‘மேடம்’ என்றார்கள். அதே வியாபாரிகள் எங்கள் வீட்டுக்கு வந்தால், “அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க” என்பார்கள்.

அவளுக்கு அது சுகமாக இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பாங்கில் போய் உட்கார்ந்தால், “கூட யாராச்சும் ஆம்பளைங்க வரலீங்களா?” என்று கேட்டார்களாம். வேலையாள் ஒருத்தன், பொம்பளை சம்பளம் கொடுத்தால் விளங்காது என்று நின்றுவிட்டான். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் கற்பூரம் காட்ட அவளை விடவில்லை. நடராஜின் மனைவி வந்து காட்டினாள். ருக்மணி தன் பட்டறைக்கு வெளியே நின்று கும்பிட்டாள்.

இதையெல்லாம் அவளே என்னிடம் வந்து சொல்வாள். “அக்கா, உங்ககிட்டச் சொன்னாத்தானுங்க மனசு ஆறுது” என்பாள். நானும் உச்சுக்கொட்டுவேன். மனசுக்குள், நாற்காலி சும்மா வருமா, படட்டும் என்று இருக்கும்.

மூன்று தடவை தவிடு

இரண்டு வருஷம் நன்றாகவே நடத்தினாள். அப்புறம் கோபியில் அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு வாரம் போய் இருந்துவிட்டு வந்தாள். அந்த ஒரு வாரத்தில் நடராஜ் இருபது கிரைண்டர்களைச் சேலத்துக்கு அனுப்பினான். இருபதும் திரும்பி வந்துவிட்டன. மாவில் நறநறவென்று மண் கடிக்கிறது என்று புகார்.

கிரைண்டர் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். புதுக் கல் எதுவாக இருந்தாலும் முதலில் பொடி உதிரும். அதனால் பட்டறையிலேயே தவிடு போட்டு, தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று தடவை ஓட்டிக் கழுவித்தான் வெளியே அனுப்ப வேண்டும். நல்ல கல் என்றால் மூன்றாம் தடவையில் உதிர்வது நின்றுவிடும். மோசமான கல் என்றால் முப்பது தடவை ஓட்டினாலும் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

நடராஜ் சொன்னான்: “தவிடு போட்டு ஓட்டித்தானுங்க அனுப்பினேன். நங்கை வாங்கிப் போட்ட கல்லே சொத்தைங்க. பொம்பளைக்குக் கல்லு பாக்கத் தெரியுமுங்களா?” நங்கை என்றால் எங்கள் பக்கம் அண்ணி.

ருக்மணி சொன்னாள்: “அவசரத்துல ஓட்டாம அனுப்பிப்போட்டாரு. கல்லு நல்ல கல்லு. நான் பாத்து வாங்குனதுங்க.”

வேலையாட்கள் வாயைத் திறக்கவில்லை. நடராஜ் கிரைண்டர்களைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டு, பட்டறையை இனி யார் நடத்துவது என்று பேச ஆர்.எஸ்.புரத்துப் பெரியவர் வீட்டில் சபை கூட்ட ஏற்பாடு செய்தான். பெரியவர் அவனுக்கும் தங்கவேலுக்கும் பெரியப்பா. தொழில் தெரிந்தவர் என்று என் கணவரையும் அழைத்திருந்தார்கள்.

பூட்டுவதற்கு முன்னால் ருக்மணி ஒரு கிரைண்டரை வெளியே எடுத்துவிட்டாள். ஆட்டோவில் ஏற்றி நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“அக்கா, நீங்க ஓட்டிப் பாருங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல கல்லு தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானுங்க.”

“நீயே ஓட்டிப் பாத்தா என்ன அம்மணி?”

“நான் பாத்தா நானா சொல்லிக்கிட்டதா ஆயிரும். எனக்கும் முன்னாடியே சொல்லிப்போடாதீங்க. ரெண்டு பேரும் கூடிப் பேசிக்கிட்டாங்கம்பாங்க. சபையிலயே சொல்லுங்க. நல்லதோ கெட்டதோ, நீங்க சொன்னா நான் கட்டுப்படறேன்.”

என் கணவர் ஈரோட்டுக்குப் போயிருந்த நாளில் பின்கட்டில் வைத்து ஓட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், கெட்டுப்போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்விட்சைப் போட்டேன். முதல் தடவை தவிடு சாம்பல் நிறமாக வந்தது. எனக்கு ஒரு குஷி. இரண்டாம் தடவை வெளுத்தது. மூன்றாம் தடவை, விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். ஒரு துளி மண் இல்லை. நம்பாமல் நாலாம் தடவையும் ஓட்டினேன். அப்புறம் அரிசியும் உளுந்தும் போட்டு ஆட்டினேன். மறுநாள் காலை மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்ட என் கணவர், “என்ன வசந்தா, இன்னிக்குப் பஞ்சாட்டம் இருக்குது?” என்றார். எந்தக் கிரைண்டரில் ஆட்டியது என்று நான் சொல்லவில்லை.

எங்கள் பட்டறைக்கு வந்த கல்லைவிட அது ஒரு படி மேலான கல். அதைப் பார்த்து வாங்கியவளுக்குப் பார்வை இருக்கிறது. அந்தப் பார்வையோடு அவளுக்கு நாற்காலியும் இருக்கிறது. எனக்குப் பார்வை மட்டும்தான்.

சபையில்

இப்போது அந்தக் கூடத்துக்குத் திரும்புகிறேன்.

நடராஜ் தன் கட்சியைச் சொல்லி முடித்தான். ருக்மணி தூண் ஓரத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. பட்டறையில் முதலாளி, இங்கே மருமகள்.

“என்ற வார்த்தைய நம்ப வேண்டாமுங்க மாமா. வசந்தாக்கா ஓட்டிப் பாத்திருக்காங்க. அவங்களைக் கேளுங்க” என்றாள்.

என் கணவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பெரியவருக்கே இது புதுசு. டம்ளர்களோடு உள்ளே திரும்பிய என்னை நிறுத்தி, நல்ல கல்லா, மோசமான கல்லா என்று கேட்டார்.

மூன்றே மூன்று சொல் போதும். ‘நல்ல கல்லுங்க மாமா.’ சொல்லியிருந்தால் அவள் பட்டறை அவளுக்கு. எனக்கும் அன்றிலிருந்து அந்தச் சபையில் ஒரு மரியாதை.

வாயைத் திறந்தேன். ருக்மணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மொபெட் சாவி ஞாபகம் வந்தது. அந்த ‘மேடம்’ ஞாபகம் வந்தது.

“எனக்கென்னங்க மாமா தெரியும்? அவரைக் கேளுங்க.”

எந்த வீட்டுப் பெண்ணும் எந்தச் சபையிலும் சொல்கிற பதில். அதற்காக யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. அடக்கம் என்று பேர் வேறு. தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிராளிக்குச் சகுனத்தடை செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று செய்தேன்.

என் கணவர் என்னத்தைச் சொல்வார், பாவம். “நான் அந்தக் கல்லைப் பாக்கலீங்களே” என்றார். அது உண்மைதான்.

“அப்பறம் என்ன, அவ்வளவுதான்” என்றார் பெரியவர். பட்டறையை நடராஜ் பார்த்துக்கொள்வது, ருக்மணிக்கும் பெண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். இரண்டாவது காபி வந்தது.

இறங்கும்போது பெரியவர் என் கணவரின் தோளைத் தட்டி, “குடுத்து வெச்சவனப்பா நீ. சபையில பொம்பளை எப்படி இருக்கோணும்னு தெரிஞ்சிருக்குது” என்றார். அந்த வீட்டுப் படியிலேயே நான் விழுந்து செத்திருக்கலாம்.

செருப்பு விடும் இடத்தில்

கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ருக்மணி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று கூட நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கல்லு மோசமுங்களாக்கா?” என்றாள், மெதுவாக.

நான் குனிந்து மறுபடி செருப்பைத் தேடினேன்.

“உள்ளதைச் சொன்னா என்ற மானம் போயிரும்னுதான் தெரியாதுன்னு சொல்லிப்போட்டீங்க. எனக்குப் புரியுதுங்க்கா. அத்தனை பேரு முன்னாடி என்னைக் காட்டிக் குடுக்காம உட்டீங்களே, அதுவே போதுமுங்க.”

எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசாமல் இருந்தால் அது தயவு என்றுதான் எடுத்துக்கொள்வோம். முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. அப்படித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்பில் அவள் என்னை நல்லவள் என்று முடிவு செய்துவிட்டாள். தன்னைத் தொழில் தெரியாதவள் என்றும் முடிவு செய்துவிட்டாள்.

இல்லை என்று சொல்ல அந்த இடம் போதும். மேலே ஏறிப் போய்ச் சொல்ல இருபது படிதான். “ஆட்டோ வந்துருச்சு அம்மணி” என்றேன்.

அதற்கப்புறம்

நடராஜ் அந்த இருபது கிரைண்டர்களின் கல்லையும் கழற்றி ஒரு கட்டடத்து அஸ்திவாரத்தில் கொட்டினான். நான் ஓட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிய கிரைண்டரின் கல்லும் அதோடு போயிற்று. நாலு வருஷத்தில் பட்டறையை மூடினான். ருக்மணி பெண்ணோடு கோபிக்குப் போய்விட்டாள். மறுபடி தொழில் ஆரம்பிக்கச் சொல்லி யாரோ கேட்டார்களாம். “எனக்குக் கல்லு பாக்கத் தெரியலீங்க, ஒருக்காப் பட்டது போதும்” என்றாளாம்.

பிற்பாடு என் கணவரே என்னைப் பங்குதாரர் ஆக்கினார். எனக்கும் ‘மேடம்’ வந்தது. பெண் தொழில்முனைவோர் கூட்டங்களில் என்னை மேடையேற்றுகிறார்கள். உங்களை மேலே வரவிடாமல் தடுத்தது யார் என்று கேட்கிறார்கள். வரிசையாக ஆண்களைச் சொல்வேன். எல்லாம் உண்மைதான். கைதட்டுவார்கள். இந்தக் கதையை மட்டும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் ருக்மணியின் மகளைப் பார்த்தேன். அம்மா இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிப்பதாகவும், “எங்க அக்கா எழுதறது” என்று தெருவெல்லாம் சொல்வதாகவும் சொன்னாள்.

அதனால் இந்தக் கடைசிப் பத்தி வாசகர்களுக்கு அல்ல. ருக்மணி, அந்தக் கல் நல்ல கல். மூன்றாம் தடவையே சுத்தமாக வந்துவிட்டது. நீ பார்த்து வாங்கியதில் ஒரு குறையும் இல்லை. நான் உன் மானத்தைக் காப்பாற்றவில்லை அம்மணி. பொறாமையில் வாயை மூடிக்கொண்டேன்.